மாத்திரைக்குக் கட்டுப்படாத கிருமிகள்: சுங்கை சிப்புட்டில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் மலேசியாவின் பேராக் மாநிலத்திலுள்ள சுங்கை சிப்புட்டில் மருந்தாளராக வேலை பார்க்கிறேன். சுற்றியுள்ள தோட்டங்களில் இருப்பவர்களும், தோட்டத்தை விட்டுவிட்டுத் தாமான்களில் (டவுன் குடியிருப்புகளில்) குடியேறியவர்களும் கவுண்டரில் கேட்கிற கேள்விகளை இங்கே எழுதியிருக்கிறேன். ஆன்டிபயாடிக் வேலை செய்யாமல் போவதைப் பற்றிப் பேச்சு வந்தாலே பழி நோயாளி மேல் விழுகிறது. நீதான் கேட்டு வாங்கினாய், நீதான் பாதியில் நிறுத்தினாய் என்பார்கள். அதில் கொஞ்சம் உண்மை உண்டு. ஆனால் கிளினிக்கில் சோதிக்க வசதியும் பேச நேரமும் இல்லாவிட்டால், எவ்வளவு ஒழுங்கான நோயாளிக்கும் தப்பான மருந்துதான் கிடைக்கும். அதனால் என் பதில்களில் நோயாளியைவிடக் கிளினிக்கைப் பற்றித்தான் அதிகம் இருக்கும்.

"என் உடம்புக்கு ஆன்டிபயாடிக் பழகிப்போச்சு" என்கிறார்களே, அப்படி ஆகுமா?

ஆகாது. மாறுவது கிருமிதான். மருந்து போட்டதும் அதற்கு மசிகிற பாக்டீரியாக்கள் சாகின்றன, மசியாத சில தப்பிப் பெருகுகின்றன. அந்தத் திறமையை மரபணுத் துணுக்காகப் பக்கத்திலிருக்கும் வேறு வகைப் பாக்டீரியாவுக்கும் கொடுத்துவிடுகின்றன. அதனால் வாழ்க்கையில் ஆன்டிபயாடிக்கே சாப்பிடாத ஒருவருக்கும் மருந்துக்கு மசியாத கிருமி தொற்றலாம். 2019-இல் உலகம் முழுவதும் 12 லட்சத்து 70 ஆயிரம் பேர் நேரடியாக இதனால் இறந்தார்கள் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். இது ஒரு பங்காகவாவது காரணமாக இருந்த இறப்புகளையும் சேர்த்தால் 49 லட்சத்து 50 ஆயிரம்.

ஒரே இருமல். கவர்மெண்ட் கிளினிக்கில் பெனடோலும் (காய்ச்சல், வலி மாத்திரை) இருமல் மருந்தும்தான் கொடுத்தார்கள். டவுனில் தனியார் கிளினிக்கில் ஆன்டிபயாடிக் கொடுத்தார்கள். எது சரி?

சளி, மூக்கொழுகல், சாதாரண இருமல், பெரும்பாலான தொண்டைவலி எல்லாமே வைரஸால் வருகின்றன. வைரஸை ஆன்டிபயாடிக் ஒன்றும் செய்யாது. ஆகவே பெரும்பாலும் பெனடோல் கொடுத்தவர் பக்கம்தான் நியாயம். அதற்காகத் தனியார் டாக்டரை உடனே குறை சொல்லவும் முடியாது. அவர் எந்த ஏற்பாட்டுக்குள் வேலை செய்கிறார் என்று பார்க்க வேண்டும்.

நம் நாட்டில் தனியார் டாக்டர் தன் கிளினிக்கிலேயே மருந்து கொடுக்கலாம். 2006-ஆம் ஆண்டு விதிகள் அவருடைய ஆலோசனைக் கட்டணத்தை 10 முதல் 35 ரிங்கிட்டுக்குள் கட்டிப்போட்டன. பல ஆண்டுகள் அந்தத் தொகை நகரவே இல்லை. கடை வாடகை, தாதியின் சம்பளம், மின்கட்டணம் எல்லாவற்றையும் மருந்து விற்றுத்தான் ஈடுகட்ட வேண்டிய நிலை. அப்படிப்பட்ட இடத்தில் "உங்களுக்கு மருந்தே தேவையில்லை, நாலு நாளில் சரியாகிவிடும்" என்று சொல்வது டாக்டருக்கு நஷ்டம். நோயாளிக்கும் திருப்தி இருக்காது. ஐம்பது வெள்ளி கொடுத்துவிட்டு வெறுங்கையோடு யார் வீட்டுக்குப் போவார்கள்?

அப்புறம் எம்சி, அதாவது டாக்டர் தரும் நோய் விடுப்புச் சான்று. 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி சம்பளத்தோடு நோய் விடுப்பு எடுக்க டாக்டரின் சான்று வேண்டும். ஒரு நாள் காய்ச்சலுக்கும் அப்படித்தான். செம்பனைக் குலை வெட்டுபவருக்கோ தொழிற்சாலை பஸ் ஏறுபவருக்கோ வீட்டில் படுத்தால் போதும் என்கிற சளிக்கும் கிளினிக் வாசலில் நிற்க வேண்டியிருக்கிறது. அங்கே போனால் மருந்துப் பை இல்லாமல் திரும்புவது வழக்கமில்லை. முதல் ஓரிரு நாளுக்குச் சான்று கேட்காத ஒரு முறை வந்தால், எந்தச் சுவரொட்டியையும்விட அது அதிகம் ஆன்டிபயாடிக்கை மிச்சப்படுத்தும் என்பது என் கணிப்பு.

ஒன்று சொல்லிவிடுகிறேன். டாக்டர் பரிசோதிக்கட்டும், மருந்தாளர் மருந்து கொடுக்கட்டும் என்று பிரிப்பது நல்லது என்று நினைப்பவன் நான். நான் மருந்தாளர், எனக்கு அதில் ஆதாயம் உண்டு. அதையும் மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

அப்படியானால் பார்மசியில் கேட்டால் மட்டும் ஏன் தர மறுக்கிறீர்கள்?

சட்டம். 1952-ஆம் ஆண்டு நச்சுப்பொருள் சட்டத்தின் கீழ் ஆன்டிபயாடிக் மாத்திரைகள் 'பி' பிரிவில் வருகின்றன. டாக்டர் சீட்டு இல்லாமல் நாங்கள் கொடுக்கக் கூடாது. "போன தடவை இதே மாத்திரைதான்" என்று காலி அட்டையைக் காட்டுவதும் சீட்டு ஆகாது.

ஊருக்குப் போய் வந்த மாமா தமிழ்நாட்டிலிருந்து ஒரு டப்பா வாங்கி வந்திருக்கிறார். வைத்துக்கொள்ளலாமா?

வேண்டாம். அங்கேயும் சட்டம் இல்லாமல் இல்லை. 2014 மார்ச்சிலிருந்து பல வலுவான ஆன்டிபயாடிக்குகளை 'எச்1' என்ற பட்டியலில் சேர்த்து, சீட்டு கட்டாயம், கடைக்காரர் பதிவேட்டில் எழுத வேண்டும் என்று ஆக்கியிருக்கிறார்கள். ஆனாலும் கடைக்குக் கடை நடப்பு வேறு. மாமா கொண்டுவந்த அட்டையில் இரண்டு மருந்து சேர்ந்த கலவை இருக்கலாம். உங்களுக்கு என்ன நோய் என்று அந்த டப்பாவுக்குத் தெரியாது.

கொடுத்த மாத்திரையை முழுக்க முடிக்க வேண்டுமா? உடம்பு தேறிய பிறகும் ஏன்?

டாக்டர் சொன்ன நாள் வரைக்கும் சாப்பிடுங்கள். நீங்களாக நிறுத்த வேண்டாம். அதோடு ஒன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நீண்ட நாள் சாப்பிட்டால்தான் மருந்து எதிர்ப்பு (கிருமி மருந்துக்கு மசியாமல் போவது) வராது என்ற பழைய எண்ணம் இப்போது மாறிவருகிறது. பல சாதாரணத் தொற்றுகளுக்குக் குறுகிய சிகிச்சையே போதும் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. சிக்கல் இல்லாத நுரையீரல் காய்ச்சலுக்கு (நிமோனியா) ஐந்து நாள் போதும் என்கிற அளவுக்கு வந்திருக்கிறது. தேவைக்கு மேல் ஒவ்வொரு நாளும் குடலில் இருக்கும் மற்ற பாக்டீரியாக்களுக்கு மருந்தோடு பழகும் வாய்ப்புதான். எனவே "எத்தனை நாள், ஏன் அத்தனை நாள்?" என்று டாக்டரிடம் தாராளமாகக் கேளுங்கள்.

காசநோய் இதில் சேராது. அதற்குக் குறைந்தது ஆறு மாதம், பல மருந்துகள் சேர்த்து, ஒரு நாள்கூட விடக்கூடாது. அரசாங்க கிளினிக்கில் தாதியின் கண் முன்னால் மாத்திரையை விழுங்கச் சொல்வது அதனால்தான். சிலருக்கு இது நம்பிக்கையில்லாத்தனமாகத் தெரிகிறது. எனக்கு நேர்மாறாகத் தெரிகிறது. தினமும் ஒரு ஆள் உங்களுக்காகக் காத்திருக்கிறார், நீங்கள் வராவிட்டால் தேடுகிறார். மருந்து எதிர்ப்பைத் தடுக்க உலகம் கண்டுபிடித்த நல்ல வழிகளில் இது ஒன்று, இதில் விலையுயர்ந்த கருவி எதுவும் இல்லை. ஆனால் பஸ் வராத தோட்டத்திலிருந்து தினமும் டவுனுக்கு வர வேண்டும் என்றால் நோயாளி எத்தனை நாள் தாக்குப்பிடிப்பார்? அந்தப் பொறுப்பை அவர் தலையில் மட்டும் வைக்கக் கூடாது.

எந்தக் கிருமி என்று தெரியாமலே மருந்து கொடுக்கிறார்களே, சோதித்துவிட்டுக் கொடுக்கக் கூடாதா?

கொடுக்கலாம், கொடுக்க வேண்டும். சிறுநீரோ சளியோ ரத்தமோ புண்ணிலிருந்து எடுத்ததோ, அதை ஆய்வகத்தில் வளர்த்து, எந்த மருந்துக்கு மசிகிறது என்று பார்ப்பதைக் கல்ச்சர் சோதனை என்கிறோம். முடிவு வர இரண்டு மூன்று நாள் ஆகும். சின்ன கிளினிக்குகளில் அந்த வசதி பொதுவாக இருப்பதில்லை. மாதிரியைப் பெரிய ஆஸ்பத்திரி ஆய்வகத்துக்கு அனுப்பி, பதில் திரும்பி வருவதற்குள் நோயாளி தேறியிருப்பார், அல்லது மோசமாகியிருப்பார். அதனால் டாக்டர் அனுபவத்தை வைத்து ஊகிக்கிறார். ஊகம் சரியாக இருக்குமா என்ற பயத்தில் அகலமாக, அதாவது பல வகைக் கிருமிகளையும் சேர்த்துத் தாக்கும் மருந்தாகப் பார்த்து எழுதுகிறார். எதிர்ப்பு வளர்கிற இடங்களில் இது முக்கியமானது.

இதைச் சரிசெய்ய மூன்று விஷயம் வேண்டும். மாதிரியை ஒழுங்காக எடுத்து, சூட்டில் கெடாமல் அன்றே அனுப்பும் வாகனம். முடிவைக் கணினியில் டாக்டர் உடனே பார்க்கும் வழி. பின்பு, முடிவு வந்ததும் நோயாளிக்கு ஃபோன் போட்டு "அந்த மருந்தை நிறுத்துங்கள், இதை வந்து வாங்கிக்கொள்ளுங்கள்" என்று சொல்ல ஓர் ஆள். மூன்றாவதுதான் எப்போதும் விடுபட்டுப்போகிறது. எனக்குத் தெரிந்த ஒரு பாட்டியின் சிறுநீர்ச் சோதனை முடிவு, அவர் அதே தொற்றுக்காக மறுபடியும் போனபோதுதான் கோப்பிலிருந்து எடுத்துப் படிக்கப்பட்டது. முதலில் கொடுத்த மருந்துக்கு அந்தக் கிருமி மசியாது என்று அதில் தெளிவாக எழுதியிருந்தது.

தோட்டத்தில் வேலை செய்பவர்கள் எதற்குப் பயப்பட வேண்டும்?

இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன். 'ஆன்டிபயாடிக்கைக் குறையுங்கள்' என்ற பிரச்சாரம் மட்டும் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தால் ஆபத்து. சரியான ஆன்டிபயாடிக் நேரத்தோடு கிடைக்காமல் உயிர் போகிற நோய்கள் இங்கே இருக்கின்றன.

முதலாவது எலிச் சிறுநீர்க் காய்ச்சல். செம்பனை இருக்கும் இடத்தில் எலி இருக்கும். எலியின் சிறுநீர் கலந்த சேற்றில் வெறுங்காலோடு, கையில் வெட்டுக் காயத்தோடு வேலை செய்பவருக்குக் கிருமி உள்ளே போய்விடும். காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு. முற்றினால் மஞ்சள் காமாலை, சிறுநீரகம் பழுது. மலேசியாவில் 2010-இலிருந்து டாக்டர்கள் கட்டாயம் அறிவிக்க வேண்டிய நோய் இது. நேரத்தோடு கொடுத்தால் டாக்சிசைக்ளின், பென்சிலின் போன்ற பழைய, மலிவான மருந்துகளே கேட்கும்.

இரண்டாவது, புதரில் இருக்கும் சின்ன உண்ணிக் குஞ்சு கடித்து வரும் ஸ்கரப் டைபஸ். கடித்த இடத்தில் சிகரெட் சுட்டதுபோல் கறுப்பாக ஒரு பொருக்கு இருக்கும். அக்குள், இடுப்பு, தொடை இடுக்கில் இருப்பதால் யாரும் பார்க்க மாட்டார்கள். வழக்கமாக எழுதுகிற அமாக்சிசிலின் இதற்குத் துளியும் வேலை செய்யாது.

மூன்றாவது மெலியோய்டோசிஸ். மண்ணிலும் தேங்கிய நீரிலும் வாழும் கிருமி. இந்த நோய்க்குப் பெயர் வைத்தவர்களே 1921-இல் கோலாலம்பூர் மருத்துவ ஆய்வுக் கழகத்தில் இருந்த ஸ்டான்டனும் ஃபிளெட்சரும்தான். இந்தக் கிருமி பிறவியிலேயே பென்சிலின் முதலிய பல மருந்துகளுக்கு மசியாதது. குறைந்தது பத்து நாளாவது ஆஸ்பத்திரியில் நரம்பு வழியாக மருந்து, அதன் பிறகு சில மாதங்களுக்கு மாத்திரை. இது அதிகம் பிடிப்பது நீரிழிவுக்காரர்களை.

இங்கேதான் நம் வீட்டு விஷயம் வருகிறது. 2019-ஆம் ஆண்டு தேசியச் சுகாதார ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. இந்தியர்களில் மட்டும் பார்த்தால் ஏறக்குறைய 31 விழுக்காடு, எல்லா இனங்களையும்விட அதிகம். இனிப்பு நீர் கட்டுக்குள் இல்லாதவருக்குக் காலில் சின்னக் கொப்புளம் வந்தாலும் புண்ணாகிறது. புண்ணுக்கு ஓர் ஆன்டிபயாடிக், ஆறவில்லை என்று இன்னொன்று, அப்புறம் ஆஸ்பத்திரி, அங்கே இன்னும் வலுவானது. ஒரே காலுக்கு ஒரு வருடத்தில் நாலைந்து வகை மருந்து போய்விடும். மருந்து எதிர்ப்பைக் குறைக்க என்ன செய்யலாம் என்று யாராவது என்னைக் கேட்டால், முதலில் நீரிழிவுக் கிளினிக்கில் ஒவ்வொரு வருகையிலும் செருப்பைக் கழற்றச் சொல்லிக் காலைப் பார்க்கச் சொல்வேன். கண்காட்சியும் பேச்சுப் போட்டியும் அப்புறம் வைத்துக்கொள்ளலாம்.

காய்ச்சல் வந்தால் டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்களாகச் சொல்லுங்கள்: "நான் தோட்டத்தில் வேலை செய்கிறேன், போன வாரம் வாய்க்கால் வெட்டினேன், எனக்கு இனிப்பு நீர் உண்டு." பத்து நிமிடச் சோதனையைவிட இந்த ஒரு வாக்கியம் அதிகம் உதவலாம்.

அந்தக் காலத்தில் தோட்டத்திலேயே டிரஸ்ஸர் (தோட்ட மருத்துவ உதவியாளர்) இருந்தார். அது நல்லதா, இதுவா?

டிரஸ்ஸர்களை நினைத்து உருகுபவர்களும் உண்டு, திட்டுபவர்களும் உண்டு. 1965-இல் தோட்ட மருத்துவ உதவியாளர்களைப் பதிவு செய்யத் தனிச் சட்டமே வந்தது. டிரஸ்ஸர் எல்லாக் காய்ச்சலுக்கும் ஒரே கலவையை ஊற்றிக் கொடுத்தார் என்று சொல்வார்கள். ஆனால் லயத்தில் யாருக்கு என்ன நோய், எந்தக் கிணற்றுத் தண்ணீர் குடித்தவர்களுக்கு வயிற்றுப்போக்கு என்பது அவருக்குத் தெரியும். அந்த அறிவு இப்போது யாரிடமும் இல்லை. தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது அதுவும் போய்விட்டது. அதை ஈடுகட்ட, கிளினிக்கிலிருந்து ஒரு தாதி மாதம் ஒருமுறையாவது தோட்டத்துக்குப் போய்வரும் முறை வேண்டும்.

மருந்து எதிர்ப்பு நம்ம நாட்டுக் கதையா, வெளிநாட்டுக் கதையா?

ஒரு சம்பவம் சொல்கிறேன். 1948-இல், நம்ம ஊரில் தோட்டத் துரைகள் சுடப்பட்டு அவசரகாலம் வந்த அதே வருடம், அமெரிக்க மருத்துவர் ஜோசப் ஸ்மேடலின் குழு கோலாலம்பூரில் குளோராம்ஃபெனிகால் என்ற புதிய மருந்தை ஸ்கரப் டைபஸ் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தது. அதில் சிலருக்கு இருந்தது உண்மையில் டைபாய்டு. அவர்களும் தேறினார்கள்! டைபாய்டுக்கு ஒரு மருந்து உண்டு என்று உலகத்துக்குத் தெரிந்தது அப்படித்தான். 1972-இல் மெக்சிகோவில் அதே குளோராம்ஃபெனிகாலுக்கு மசியாத டைபாய்டு பரவி, 10,000-க்கும் மேற்பட்டவர்களைப் பிடித்தது. 2016-இலிருந்து பாகிஸ்தானின் சிந்து மாகாணத்தில் பரவிய டைபாய்டு இன்னும் பல மருந்துகளைக் கடந்துவிட்டது. இதில் எது வெளிநாடு, எது உள்நாடு?

கோழிக்கும் ஆன்டிபயாடிக் போடுகிறார்களாமே?

போட்டார்கள், சில இடங்களில் இன்னும் போடுகிறார்கள். கடைசி ஆயுதமாக மனிதர்களுக்கு வைத்திருக்கும் கோலிஸ்டின் மருந்துக்கு மசியாமல் செய்யும் மரபணு ஒன்றை 2015-இல் சீனாவில் பன்றிகளிடம் கண்டுபிடித்தார்கள். மலேசியா 2019 ஜனவரியிலிருந்து கால்நடைத் தீனியில் கோலிஸ்டினைத் தடை செய்தது. இறைச்சியை நன்றாக வேகவைத்து, பச்சைக் கோழி வெட்டிய பலகையைக் கழுவினால் வீட்டளவில் போதும்.

பங்களாதேஷ், நேப்பாளத் தொழிலாளர்கள் கிளினிக்குக்கு வருவதே இல்லையே?

குடிமக்களுக்கு அரசாங்க கிளினிக்கில் ஒரு ரிங்கிட். வெளிநாட்டவருக்கு அதைப்போலப் பல மடங்கு. வேலை பெர்மிட் முதலாளி கையில் இருந்தால் வெளியே வரவே பயம். ஆகவே அறையில் யாரிடமாவது மிச்சமிருக்கும் கேப்சூலைப் பங்கிட்டு விழுங்குகிறார்கள். ஒரே அறையில் பலர் படுக்கும் விடுதியில் காசநோய் வந்தால் அது விடுதியோடு நிற்காது. அவர்களுக்குக் கட்டணத்தைக் குறைப்பது செலவு என்று வாதாடுபவர்கள், மருந்துக்கு மசியாத காசநோயைக் குணப்படுத்த ஆகும் செலவையும் கேட்டுப் பார்க்கட்டும்.

தடுப்பூசிக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

தொற்றே வராவிட்டால் மருந்தும் வேண்டாம். நியூமோகோக்கஸ் என்ற பாக்டீரியாவுக்கு எதிரான தடுப்பூசி 2020-இல் நம் தேசியத் தடுப்பூசித் திட்டத்தில் குழந்தைகளுக்குச் சேர்க்கப்பட்டது. காதுத் தொற்று, நுரையீரல் காய்ச்சல் இரண்டையும் அது குறைக்கும். தண்ணீரும் அப்படித்தான். 1990-ஆம் ஆண்டுத் தொழிலாளர் குடியிருப்புச் சட்டம் தோட்ட வீடுகளுக்குக் குழாய்த் தண்ணீர் கேட்கிறது. குழாய் இருந்தும் தண்ணீர் வராத வீடு இருந்தால் புகார் செய்யுங்கள். அதுவும் இந்த விவகாரத்தில் சேர்ந்ததுதான்.

அரசாங்கம் ஏதாவது செய்கிறதா?

செய்கிறது. 2017–2021, 2022–2026 என்று மருந்து எதிர்ப்புக்கு இரண்டு தேசியத் திட்டங்கள் வந்தன. சுகாதார அமைச்சும் கால்நடைத் துறையும் சேர்ந்தவை. எந்த நோய்க்கு எந்த ஆன்டிபயாடிக் என்று தேசிய வழிகாட்டி நூல் இருக்கிறது. மருத்துவ ஆய்வுக் கழகம் நாட்டின் ஆய்வகங்களிலிருந்து எதிர்ப்புக் கணக்கைத் திரட்டுகிறது. உலகச் சுகாதார நிறுவனம் 2017-இல் ஆன்டிபயாடிக்குகளை மூன்றாகப் பிரித்தது: முதலில் எடுக்க வேண்டியவை, கவனத்தோடு எடுக்க வேண்டியவை, கடைசிக்கு ஒதுக்கி வைப்பவை. 2024 செப்டம்பரில் ஐ.நா. கூட்டத்தில் உலக நாடுகள், 2030-க்குள் பயன்படுத்தும் ஆன்டிபயாடிக்கில் 70 விழுக்காடு முதல் வகையிலிருந்தே இருக்க வேண்டும், இறப்புகளை 10 விழுக்காடு குறைக்க வேண்டும் என்று ஒப்புக்கொண்டன.

காகிதத்தில் குறையில்லை. அரசாங்க ஆஸ்பத்திரிகளில் ஆன்டிபயாடிக்கைக் கண்காணிக்கும் குழுக்கள் இருக்கின்றன. டவுனில் வரிசையாக இருக்கும் தனியார் கிளினிக்குகளில் என்ன எழுதப்படுகிறது என்பதை அதே நுணுக்கத்தோடு யார் பார்க்கிறார்கள் என்பதுதான் என் கேள்வி.

புது மருந்து கண்டுபிடிக்க மாட்டார்களா?

கண்டுபிடிப்பது ஒரு சிரமம், விற்பது இன்னொரு சிரமம். அச்சாவோஜன் என்ற அமெரிக்க நிறுவனத்தின் பிளாசோமைசின் 2018 ஜூனில் அங்கீகாரம் பெற்றது. 2019 ஏப்ரலில் நிறுவனம் திவால். நல்ல ஆன்டிபயாடிக்கைக் குறைவாகத்தான் பயன்படுத்த வேண்டும், குறைவாக விற்றால் கம்பெனி நிற்காது.

மிச்சமான மாத்திரையை என்ன செய்வது?

கழிவறையில் கொட்டாதீர்கள், பக்கத்து வீட்டுக்குக் கொடுக்காதீர்கள். அரசாங்க ஆஸ்பத்திரி அல்லது கிளினிக்கின் மருந்துக் கவுண்டரில் திருப்பிக் கொடுக்கலாம்.

சின்ன வயதில் பென்சிலின் ஊசி போட்டு உடம்பெல்லாம் தடித்தது, 'அலர்ஜி' என்று எழுதிவிட்டார்கள். அது இன்னும் உண்டா?

பலருக்கு இருக்காது. பென்சிலின் அலர்ஜி என்று பெயர் வாங்கியவர்களை முறையாகச் சோதித்தால் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் அதைத் தாங்கிக்கொள்கிறார்கள். சிலருக்கு அன்று இருந்தது வைரஸ் தடிப்பு, சிலருக்கு அலர்ஜி காலப்போக்கில் போய்விடுகிறது. ஆனால் அட்டையில் அந்தப் பெயர் இருக்கும்வரை டாக்டர் மலிவான பென்சிலினை விட்டுவிட்டு அகலமான மருந்துக்குத்தான் போவார். நீங்களாக வீட்டில் சாப்பிட்டுப் பார்க்காதீர்கள். மூச்சுத் திணறல், முகவீக்கம், தோல் உரிதல் இருந்திருந்தால் அதை அப்படியே சொல்லுங்கள், அலர்ஜி அட்டையை எப்போதும் கையில் வைத்திருங்கள். வெறும் தடிப்பு மட்டும்தான் என்றால், அடுத்த முறை போகும்போது எப்போது, எந்த மருந்துக்கு, எத்தனை நாளில் வந்தது என்று எழுதிக் கொண்டுபோய், சோதனைக்கு எழுதித் தர முடியுமா என்று கேளுங்கள்.